எட்டாம் கேள்விக்கு இரண்டு கோடுகள்

1

இந்தக் கதை ஒரு விண்ணப்பப் படிவத்தின் எட்டாம் கேள்வியில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வி இதுதான்: ‘முந்திய போட்டியில் தங்கள் குதிரை விலக்கப்பட்டிருந்தால் காரணம் தருக.’ பதிலுக்கு இரண்டு கோடுகள் விட்டிருந்தார்கள்.

ஆரையம்பதியில் எங்கள் பக்கத்து ஆட்கள் கடிதம், மனு, படிவம் என்றால் என்னிடம் வருவார்கள். குதிரையேறித் தடை தாண்டும் போட்டிக்குப் போகிற தக்ஷாயினியும் வந்தாள். அவளுக்கு எழுதத் தெரியாமலல்ல. தான் எழுதினால் சண்டையில் முடியும் என்று அவளே சொன்னாள்.

“குதிரைக்குப் பயம் எண்டு மட்டும் எழுதிப்போடாதீங்க மாமா.”

நான் அதைத்தான் எழுதியிருந்தேன். நல்லவேளை, எதையும் முதலில் தனித்தாளில் எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அந்தத் தாள்தான் நீண்டு இப்படியாகிவிட்டது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

(அ) மட்டக்களப்பு வாவியின் மேல் வெளிச்சம் படர்ந்தபோது பொன்னிறக் குதிரையொன்று — [வேண்டாம். அது பொன்னிறமில்லை. பனங்கட்டி நிறம். பெயரும் பனங்கட்டிதான்.]

(ஆ) ஏறாவூர் உசனார் கட்டாரில் பதினொரு வருடம் பந்தயக் குதிரைகளைக் கழுவித் தீனி வைத்துவிட்டு ஊர் திரும்பியபோது, தனக்கென்று ஒரு குதிரை — [இப்படித் தொடங்கினால் இது உசனாரின் கதையாகிவிடும். அவருக்கு அது பிடிக்கும். அதற்காகவே வேண்டாம்.]

(இ) மணி அடித்தது.

இதை வைத்துக்கொள்கிறேன்.

3

மணி அடித்தது. மலைநாட்டு மைதானத்தில் அந்த மணிக்கு ஒரே அர்த்தம்: குதிரை மூன்று தரம் நின்றுவிட்டது, வெளியே போகலாம்.

தக்ஷாயினி சேணத்தில் நிமிர்ந்தபடியே வெளியே வந்தாள். முதல் இரண்டு தடைகளையும் பனங்கட்டி காற்றுப்போலத் தாண்டியது. மூன்றாவதில் பின்னங்கால் பட்டு, மேல்கம்பு விழுந்தது. அதற்கு நாலு புள்ளி குறையும், அவ்வளவுதான். ஆனால் நான்காவது தடைக்கு முன்னால் அது நாலு காலையும் ஊன்றி நின்றுவிட்டது. சுற்றிக்கொண்டு வந்தாள், நின்றது. இன்னொரு தரம் வந்தாள், நின்றது. அதன் விலா நடுங்குவதைத் தன் கால்களில் உணர்ந்தாள்.

வாவிக்கரை மணலில் இதே உயரத்தில் எட்டுத் தடைகள் வைத்துப் பழகிய குதிரை. அங்கே ஒருநாளும் நின்றதில்லை.

“சனத்தக் கண்டு வெருண்டிட்டு,” என்றார் குதிரையின் சொந்தக்காரர் உசனார். “உன்ட கையும் இறுகிப்போச்சு புள்ள.”

“கை இறுகியிருந்தா முதல் ரெண்டையும் எப்பிடித் தாண்டின, நானா?”

உசனாரை அவள் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவாள். பதில் இல்லாதபோது அவர் முடிவெடுப்பார். “இன்னொருக்கா நிண்டாண்டா பாசிக்குடா ஹோட்டலுக்குக் குடுத்திருவன். வெள்ளக்காரப் புள்ளையளத் தூக்கிக்கிட்டுக் கடற்கரையில நடக்கட்டும்.”

தக்ஷாயினிக்கு வேறு குதிரை இல்லை. இந்த மாவட்டத்திலேயே அவளுக்கு வேறு குதிரை கிடைக்காது.*

* முதல் வரைவில் உசனாரைக் கெட்டவராக எழுதியிருந்தேன். ஆனால் அந்த மனிதர் திரும்பி வந்த வழி முழுக்க லொறியின் பின்பக்கத்தில் குதிரையின் தாடையைத் தடவியபடி நின்றுகொண்டே வந்தவர். எனக்கு அவரைக் கெட்டவராக்கக் கை வரவில்லை.

4

ஊருக்கு வந்த மூன்றாம் நாள், தடைக் கம்புகளுக்குப் புதிதாகப் பெயின்ட் அடிக்கப்போன தக்ஷாயினி தூரிகையோடு அப்படியே நின்றாள். எட்டுக் கம்புகளிலும் மேல்பக்கத்தில் பழைய பெயின்ட் உரிந்திருந்தது. குளம்பு பட்ட இடங்கள்.

அப்படியென்றால் வீட்டிலும் பனங்கட்டி கம்புகளைத் தட்டித்தான் இருக்கிறது. ஏன் ஒன்றும் விழவில்லை?

ஒரு கம்பைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு பக்கத்திலும் நைலோன் கயிற்றால் தூணோடு கட்டியிருந்தது. அவளுடைய அப்பா இளையதம்பியின் கட்டு. நாற்பது வருடமாக வாவிக்குள் கம்பு நட்டு வலை கட்டுபவர் அவர். கச்சான் காற்று கூரையைத் தூக்கினாலும் தன் கட்டு அவிழாது என்பது அவர் பெருமை. மகளுக்குத் தடை செய்துகொடுத்தபோதும் அந்தப் பெருமையோடுதான் கட்டினார்.

போட்டியில் கம்பைக் கட்டுவதில்லை. சின்னதொரு ஏந்தியில் சும்மா கிடக்கும், பட்டால் விழும். இது தக்ஷாயினிக்குத் தெரியும், உசனாருக்கும் தெரியும். குதிரைக்குத் தெரியாது என்பதைத்தான் ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

[இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று — இல்லை. சிரித்தாள். நான் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.]

இளையதம்பி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“அப்பா, உங்கட கட்டு சரியான திறம்.”

“தெரியும்.”

“அதுதான் பிழை.”

அவர் ஊசியை நிறுத்தவில்லை. அவள் சொன்னாள்: “கால் பட்டாலும் மரம் அசையாதெண்டு அவன் நினைச்சிருக்கான். அங்க போய்த் தட்டினதும் தடதடவெண்டு விழுந்திட்டு. ஊரையே உடைச்சுப்போட்டன் எண்டு பயந்திட்டான்.”

“அப்ப என்ட கட்டாலதான் உன்னை வெளிய விட்டவங்க.”

“ஓம் அப்பா.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் அன்றோடு பேச்சு முறிந்திருக்கும். அவர் ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு எழும்பினார்.

[கத்தியால் அறுத்தார் என்று எழுதினால் ஒரே வசனத்தில் முடிந்துவிடும். அவர் அறுக்கவில்லை. பதினாறு கட்டுகளையும் விரலாலேயே அவிழ்த்தார், மத்தியானமாகிவிட்டது. “அறுக்கிறதுக்கா கட்டின நான்?” என்றாராம். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று இந்த இடத்தை எடுத்துவிட நினைத்தேன். தக்ஷாயினி விடவில்லை.]

5

அடுத்த நாளிலிருந்து பனங்கட்டிக்குத் தீனி வைப்பது இளையதம்பியின் வேலை. வாளியை வைப்பார், அது வாய் வைத்ததும் ஒரு கம்பைத் தூக்கி இன்னொரு கம்பின் மேல் போடுவார்.

முதல்நாள் குதிரை வாளியை உதைத்துவிட்டுக் கயிறு விட்ட தூரம் வரை ஓடியது. நாலாம் நாள் தலையை மட்டும் தூக்கியது. எட்டாம் நாள் காது மட்டும் அசைந்தது.

“விழாத கட்டுக் கட்டின மனிசன், இப்ப விழுத்துறதுக்கு நிக்கிறார்,” என்றார் உசனார்.

“விழுத்திறதுக்கும் கை வேணும் உசனார். நீ போட்டா சத்தம் சரியா வராது.”

பன்னிரண்டாம் நாள் தீனி வரச் சுணங்கிவிட்டது. பனங்கட்டி பொறுத்துப் பார்த்தது. பிறகு தானே போய் மூக்கால் ஒரு கம்பைத் தள்ளி விழுத்திவிட்டு, இளையதம்பியைத் திரும்பிப் பார்த்தது.

அந்தச் செய்தியை அவர் கோயிலடி, சந்தை, தோணித்துறை என்று மூன்று இடத்தில் சொன்னார். நான் மூன்று இடத்திலும் நின்று கேட்டேன். ஒரு சொல்லும் மாறவில்லை.

அன்று பின்னேரம் எட்டாம் கேள்விக்குப் பதில் எழுதினோம். இரண்டு கோடுகளில் சரியாக அடங்கியது: ‘கம்பு விழும் என்பது எங்கள் குதிரைக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது தெரியும்.’

6

முடிவுகள்.

ஒன்று: பனங்கட்டி எல்லாத் தடைகளையும் தாண்டி வெள்ளிக் கோப்பை — [கோப்பை என்று எழுதியதும் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.]

இரண்டு: நின்றது. மணி அடித்தது. பாசிக்குடாவில் — [இதை எழுதிய அன்று தக்ஷாயினி வீட்டுப் பக்கம் போக எனக்கு முகம் இருக்கவில்லை.]

எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டாவது போட்டியிலும் மூன்றாவது தடையில் பின்னங்கால் பட்டது. கம்பு விழுந்தது. தக்ஷாயினி கடிவாளத்தை இறுக்கவில்லை. குதிரையின் ஒரு காது பின்னால் திரும்பிச் சத்தத்தைக் கேட்டது. பிறகு அந்தக் காது முன்னுக்கு வந்தது. முன்னால் நான்காவது தடை.

இளையதம்பி மலைக்குப் போகவில்லை. மகள் ஃபோன் எடுத்தபோது நான் அவர் பக்கத்தில் தோணியின் விளிம்பில் இருந்தேன். அவர் வேறொன்றும் விசாரிக்கவில்லை.

“கம்பு விழுந்ததா மகள்?”

“மூண்டாவது விழுந்திட்டு, அப்பா.”

அவர் என்னைப் பார்த்தார். தன் கட்டைப் பற்றிப் பேசும்போது வரும் அதே பார்வை.

“விழும். விழத்தான் வேணும். மறுகா?”

மறுகா என்றால் எங்கள் பக்கத்தில் ‘பிறகு’. அவள் பிறகு நடந்ததைச் சொன்னாள். நானும் கேட்டேன். ஆனால் இவ்வளவு தூரம் அந்தக் குதிரையோடு வந்தவர் நீங்கள். படிவத்தில் எங்களுக்கு விட்டதுபோல உங்களுக்கும் இரண்டு கோடுகள் விடுகிறேன்.

....................................................

....................................................

என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள். குதிரைக்குப் பயம் என்று மட்டும் எழுதவேண்டாம்.