குழாயின் மேல் இருந்த கை

பெரிய மெக்கானிக், சின்ன மெக்கானிக் என்றுதான் அண்ணனையும் தம்பியையும் வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். ஏசி வேலைதான் இருவருக்கும். தம்பி கேஸின் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி முள்ளைப் பார்ப்பான். அண்ணன் குழாயைத் தொட்டுப் பார்ப்பார். அவர் தொட்டுச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஒரே பழுதுக்கு இரண்டாவது தடவை போய் நிற்கிற பிழைப்பு நம் குடும்பத்தில் கிடையாது என்பார் பெரியவர்.

இன்று போய் நிற்க வேண்டியதாகிவிட்டது. பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு நேற்று அவர் மட்டும் வந்திருந்தார். வெளி யூனிட்டின் சின்னக் குழாயைத் தொட்டார். சூடே இல்லை, கேஸ் குறைந்திருக்கிறது என்று தீர்மானித்து ஏற்றிவிட்டுப் போனார். காலையிலிருந்து மெஷின் கொஞ்ச நேரம் ஓடுகிறது, தானாக அடங்கிவிடுகிறது. போனில் டாக்டரம்மாவின் குரல் நன்றாக இல்லை.

கிளினிக்குக்குப் பின்னால் ஈரம் காயாத சந்து. எதிர்ச் சுவரில் லாண்டரியின் புகைபோக்கி, நாள் முழுக்க ஆவியும் பஞ்சுத் தூசியும் கக்கிக்கொண்டிருந்தது. தம்பி யூனிட்டின் மூடியைக் கழற்றி, கேஜை மாட்டினான். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. யூனிட்டின் சுவர்ப் பக்கத்தை எட்டிப் பார்த்தான். தகடுகளின் மேல் பஞ்சு, கம்பளி போர்த்தினாற்போல் அப்பிக் கிடந்தது. சூடு வெளியே போக வழியில்லை. கேஸ் குறையவே இல்லை. அதன் மேல் இன்னும் ஏற்றியதில் கம்ப்ரசர் திணறிப்போயிருந்தது.

பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயைப் பிடித்தபடி, கேஜ் கெட்டுப்போயிருக்கும், வேறு வாங்கு என்று தம்பியை வாரினார். முள்ளைக் கல்யாணம் பண்ணிக்கொண்டவன் மாதிரி பேசாதே என்றார். தம்பி சிரிக்கவில்லை. அண்ணனின் கையையே பார்த்தான்.

"அண்ணே, கையை எடு."

"ஏன்டா?"

தம்பி மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். விரல்கள் உள்பக்கம் வெந்து, தோல் வெளுத்து எழும்பியிருந்தது. அது யாருடைய விரலோ என்பதுபோல் பெரியவர் அதைப் பார்த்தார். பிறகு கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். தம்பி வேலையில் இறங்கினான். அதிகப்படி கேஸை சிலிண்டருக்குத் திருப்பி எடுத்தான். பஞ்சை உரித்துப் போட்டுத் தகடுகளைக் கழுவினான். உள்ளே அறை குளிரத் தொடங்கியது.

என்ன கோளாறு என்று டாக்டரம்மா பெரியவரிடம் கேட்டார். தம்பி முந்திக்கொண்டான்.

"போன சர்வீஸ்ல நான்தான் சுத்தம் பண்ணாம விட்டுட்டேன் டாக்டர். அண்ணன் மேல தப்பில்ல."

டாக்டரம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். கவனமில்லாத ஆளை என் கிளினிக்குக்கு அனுப்பாதீர்கள், இனி நீங்களே வாருங்கள் ஐயா என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு பையைத் தூக்கினான்.

வேன் வரைக்கும் பெரியவர் நடந்தார். கதவருகில் நின்றுவிட்டார். தன் வாயை மூடிக்கொண்டு தம்பியின் பெயரைக் கெடுத்து அதில் நிமிர்ந்து நடப்பது, அவர் கண்ட குடும்ப மானத்தில் சேர்த்தியில்லை. வாண்ணே, விடு என்றான் தம்பி. அவர் விடவில்லை. திரும்பி உள்ளே போனார்.

"தம்பி மேல குத்தமில்லம்மா. கேஸை ஏத்திக் கெடுத்தது நான். கை மரத்துப்போச்சு. ரொம்ப நாளாவே."

பாக்கெட்டிலிருந்து கையை எடுத்துக் காட்டினார். டாக்டரம்மா திட்டவில்லை. நோயாளி நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். மற்றக் கையையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பாருங்கள் ஐயா, ஊசி குத்துவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றார்.

பெரியவர் சுவரைப் பார்த்தபடி காத்திருந்தார். ஏசி சீராக ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"எப்பம்மா குத்தப் போறீங்க?" என்றார் பெரியவர்.

டாக்டரம்மா பஞ்சை எடுத்து, அவருடைய விரல் நுனிகளில் ஒவ்வொன்றாக ரத்தத்தைத் துடைத்தார்.