மஞ்சள் வந்தால் நல்லது

போனில் குடியிருப்போர் சங்கச் செயலாளர் தினகரன் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் ஸிந்துஜாவைப் பயமுறுத்தியது.

"மேடம், செவிலிமேட்டுல எங்க குடியிருப்புல பதினேழு பேருக்கு வாந்தி, பேதி. ரெண்டு பேர் ஐ.சி.யூ.ல. டேங்க் ஆப்பரேட்டர் ராமராஜன் உங்க கிளாஸ்ல பாஸ் பண்ணவர்தானே? குளோரின் டெஸ்ட் ஒழுங்கா சொல்லிக் குடுத்தேன்னு எழுதித் தாங்க. ஆளை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறோம்."

கல்லூரியில் சனிக்கிழமைதோறும் சுற்றுச்சூழல் சுகாதாரம் எடுப்பவள் அவள். முன் பெஞ்சில் மாணவர்கள். பின்னால், வேலை முடித்து நேராக வருகிறவர்கள். பீரோவைக் குடைந்து ராமராஜனின் விடைத்தாளை எடுத்தாள்.

நான்காவது கேள்வி. சோதனைச் சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளானால் என்ன அர்த்தம்?

'தண்ணி கெட்டுப்போச்சு. மஞ்சள் போற வரைக்கும் பிளீச்சிங் பவுடரைக் குறைக்கணும்.'

தலைகீழ். மஞ்சள் வந்தால்தான் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் இருக்கிறது. ஆனால் பக்கத்தில் முழு மார்க், அவள் கையெழுத்தில்.

டேங்க் அடியில் ராமராஜன் துணிப்பையோடு நின்றிருந்தார்.

"வெயில்ல ஏன் மிஸ் வந்தீங்க? என் தப்புன்னு எழுதிக் குடுத்துட்டேன். இருபது வருசம் சாயப்பட்டறை. நூலை அலசுனா தண்ணில கலர் நிக்கக்கூடாது. அந்தப் புத்தி போவல."

அவள் விடைத்தாளை நீட்டினாள். "அன்னிக்கே தப்பாத்தான் எழுதியிருந்தீங்க. பார்த்துட்டுத்தான் மார்க் போட்டேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "ஏன் மிஸ்?"

"சின்னப் பசங்க முன்னாடி ஃபெயிலானா கஷ்டப்படுவீங்கன்னு..."

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறானுங்க. திரும்பக் குந்தி கத்துக்கினு இருப்பேனேம்மா."

சங்க அலுவலகத்துக்குப் போய், தான் செய்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தாள்.

தினகரன் படித்துவிட்டு நிமிர்ந்தார். "இதனால அவருக்கு வேலை திரும்பாது மேடம். அது இருக்கட்டும். இப்படி இன்னும் எத்தனை பேருக்குப் பாவம் பார்த்தீங்க?"

நான்கு பேர். வாசலுக்கு ஓடிவந்து, அவர்களில் ராமராஜனைப் போலவே சாயப்பட்டறையிலிருந்து டேங்க் வேலைக்குப் போனவரைப் போனில் அழைத்தாள். மாகறல் யேசுதாஸ்.

"சொல்லுங்க மிஸ்."

"காலையில தண்ணியை டெஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணாம இருப்பேனா மிஸ்? ஒரு பொட்டு கலர் இல்ல. சுத்தமா இருக்குது."