அல்போன்சம்மா வீட்டுக் கூரை

மொன்றியலை ஒட்டிய இல்-பிசார் தீவில் அல்போன்சம்மாவின் வீட்டுக் கூரை எதையும் தொடாமல் நிற்கிறது என்பதை, அந்த வீட்டை வரைந்த கட்டடக் கலைஞர் குணரத்தினம் 2003 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை கண்டுபிடித்தார். ஒழுக்குப் பார்க்க ஏணியில் ஏறியவர், இரும்புத் தூணின் தலைக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவே தன் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வருவதைக் கண்டார். நாலு தூணிலும் அப்படியே. சுவர்களுக்கு மேலே ஓடிய கண்ணாடிப் பட்டியும் கூரையைத் தொடவில்லை. இடைவெளியை றப்பர் மறைத்திருந்தது. முப்பது தொன் கூரை சும்மா நின்றது. அவர் இறங்கி, றப்பரில்தான் ஒழுக்கு என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் பியர்பொன்ட்ஸில் இருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார். நாலரை வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

மொறட்டுவையில் படித்துவிட்டு மொன்றியலுக்கு வந்தவர், பதினாலு வருடம் ஒரு நிறுவனத்தில் தொடர்மாடிகளின் குளியலறைகளை வரைந்துகொண்டிருந்தார். வரைபடங்களில் சொந்தமாகக் கையெழுத்திடும் உரிமை நாற்பத்தெட்டு வயதில்தான் கிடைத்தது. வீடு கட்டவென்று வந்த தமிழர்கள் வாசலில் சிங்கமும் உருண்டைத் தூணும் கேட்டார்கள். சுவர், வெளிச்சம், தட்டைக் கூரை, இதற்கு மேல் வீட்டுக்கு ஒன்றும் தேவையில்லை என்றார். அவர்கள் எழுந்து போனார்கள். திருகோணமலைக்காரியான அல்போன்சம்மா மட்டும், "மேல இருந்து ஒண்டும் விழக்கூடாது, தம்பி, அவ்வளவுதான்" என்றார். அவருடைய கணவர் எண்பத்தைந்தில் ஷெல் விழுந்து, இடிந்த கூரைக்கடியில் இறந்தவர்.

கூரை மிதப்பதுபோலத் தோன்றவேண்டும் என்று குணரத்தினம் ஆசைப்பட்டார். பொறியாளர் கணக்கிட்ட தூண்கள் அவர் கண்ணுக்குத் தடிப்பாகப் பட்டன. ஒருவருக்கும் சொல்லாமல் பாதித் தடிப்பில் எடுப்பித்து நாட்டினார். ஆகவே கூரை மிதக்கும்வரை பயமில்லை. அது இறங்கித் தூணில் குந்தினால் தூண் மடிந்துவிடும். வாய் திறந்தால் உரிமை போய்விடும். பனி கொட்டும் நாட்களில் எல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லி அந்த வீட்டுக்குப் போய், ஏணி வைத்து விரலை விட்டுப் பார்த்தார்.

2008இல் அந்த நகரம் பல வருடங்களாகக் கண்டிராத பனி கொட்டியது. அங்கங்கே கூரைகள் இடிந்தன. மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை குணரத்தினம் ஏணியில் ஏறியபோது விரல் போகவில்லை. பென்சில் போனது. மத்தியானம் பென்சிலும் போகவில்லை. தன் பெயர் அச்சடித்த அட்டையைச் செருகினார். அது உரசிக்கொண்டு போனது. வெளியே பனி நிற்கவில்லை. அவர் இறங்கி, அல்போன்சம்மாவையும் மகள் ஜெயமதியையும் குசினி மேசையில் இருத்தி, தூணின் கதையைத் தொடக்கம் முதல் சொன்னார்.

ஜெயமதி தன் ஐந்து வயது மகள் தக்ஷினிக்குச் சப்பாத்துப் போட்டாள்.

"பக்கத்து வீட்ட போங்கோ. நான் பேந்து வாறன்" என்றார் அல்போன்சம்மா. கதவு சாத்தியபின் திரும்பினார். "கூரை தொடாமல் நிக்கிறது எனக்குத் தெரியும். குடிவந்த முதல் கிழமையே ஏணி வைச்சுக் கத்தியை விட்டுப் பாத்தனான்."

"பயப்பிடேல்லையோ அக்கா?"

"என்ர மனுசன் செத்தது எட்டுத் தூண் வைச்ச வீட்டில. இந்தக் கூரைக்கு எனக்குப் பயமில்லை. ஆனா தூண் மெல்லிசெண்டு நீ எனக்குச் சொல்லேல்லை. பிள்ளையும் இதுக்குள்ளதானே படுத்தவள்."

குணரத்தினம் சவள் எடுத்தார். "மேல ஏறிப் பனியைத் தள்ளுறன்."

"உன்ர பாரத்தையும் அதில ஏத்தாதை. இதுக்குக் கீழ இரு. நானும் இருக்கிறன்."

இருவரும் இருந்தார்கள். மூன்று மணிக்கு அட்டை இறுகிக்கொண்டது, இழுத்தால் வரவில்லை. நாலு மணிக்குக் கண்ணாடிப் பட்டியில் ஒரு துண்டு மூலையிலிருந்து மூலைக்கு வெடித்தது. குணரத்தினத்துக்கு எழுந்து ஓடக் கால் உன்னியது; அல்போன்சம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இருந்தார். ஐந்து மணிக்குச் சற்று முன் பனி விட்டது. கொஞ்ச நேரத்தில் அட்டை தானாகக் கழன்று நிலத்தில் விழுந்தது. அல்போன்சம்மா அதை எடுத்துக் குப்பைக்குள் போட்டுவிட்டுப் பேத்தியைக் கூட்டிவரப் போனார்.

திங்கட்கிழமை குணரத்தினம் தன் பிழையைக் கட்டடக் கலைஞர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். உரிமையை இரண்டு வருடம் நிறுத்தினார்கள். அவர் திரும்பவும் குளியலறைகள் வரைந்தார். கோடையில் தடித்த தூண்கள் நாட்டப்பட்டன. கடைசித் தூணை நிமிர்த்தியபோது கூரை அதற்கும் மேலே ஒரு விரல் எழும்பி நின்றது. நகரசபைப் பரிசோதகர் ஒரு கடதாசியை நாலு தூணிலும் விட்டு எடுத்துப் பார்த்து, அறிக்கையில் தூண்கள் சரியென்று எழுதினார். மறுவருடக் காப்புறுதிப் படிவத்தில், கூரை எதன்மேல் நிற்கிறது என்ற கேள்விக்கு, "ஒன்றின்மேலும் இல்லை" என்று ஜெயமதி நிரப்பி அனுப்பினாள். இரண்டு கிழமையில் பத்திரம் வழக்கம்போல வந்து சேர்ந்தது.