இடதுகைக்காரரின் நாற்பது பிரதிகள்

என் கணவர் சிரித்த முகமாக இருக்கும் படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. இருப்பது அடையாள அட்டைக்கு எடுத்தது. அதில் பல் பிடுங்க வந்தவர் மாதிரி முறைத்துக்கொண்டிருப்பார். அவர் போய் ஆறு வருடமாகிறது. சிரித்த முகம் ஒன்றே ஒன்று இருந்தது, எங்கள் சைக்கிள் கடையின் பக்கச் சுவரில், ஆள் உயரத்துக்கு. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று அந்தச் சுவரை இடித்துவிட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்துவைப்போம் என்று எனக்குத் தோன்றவில்லை பாருங்கள், அந்தப் புத்தியை எதால் அடிப்பது? சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அதை வரைந்தவனின் பெயர் யாருக்கும் தெரியாது. சுவரேறிக் குதித்து ஓடுவதால் தெருவே அவனைப் பூனை என்றது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் கடை திறக்க வருகிறேன், வெட்டிய அட்டையைச் சுவரில் பிடித்துக்கொண்டு புஸ் புஸ் என்று ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருக்கிறான். "எவன்டா அது!" என்று துடைப்பத்தோடு பாய்ந்தேன். ஈர அட்டைகளை அப்படியே சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியே போனான். பிறகுதான் சுவரைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் முக்காலியில் உட்கார்ந்து, கையில் ஸ்பானரோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அவரே வந்து பார்த்துவிட்டு, "துரத்துறதுக்குப் பதிலா அவனுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருக்கலாம்ல?" என்றார். நான் அசடு வழிய நின்றேன்.

போன வாரம் பஞ்சர் ஒட்ட வந்த டிராயிங் டீச்சர் தன் போனை என் முன்னால் நீட்டினார். பூனை இப்போது பெரிய ஓவியராம். தெருவை விட்டுவிட்டுக் கான்வாஸில்தான் வரைகிறானாம். பழைய சுவர்ப் படங்களில் ஒன்றை மட்டும் காகிதத்தில் அச்சடிக்கிறான். நாற்பதே நாற்பது பிரதிகள், ஒவ்வொன்றிலும் எண்ணும் கையெழுத்தும் இருக்கும், அதற்கு மேல் ஒன்றுகூட வராது. போனில் என் வீட்டுக்காரரின் முகம் மட்டும், கட்டைவிரல் நகம் அளவில் இருந்தது. என்னவோ இடித்தது. படம் சின்னது என்று அதை விட்டுவிட்டேன். டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நடுக்கடையில் அழுதேன்.

"நாப்பதுக்கும் ஆள் சொல்லி வச்சாச்சாம்க்கா," என்றார் டீச்சர்.

வைக்கட்டும். ஒன்று என் வீட்டுக்கு வந்தாக வேண்டும். மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், டீச்சர் சொன்ன அச்சுக்கூடத்தைத் தேடிக் கிளம்பினேன்.

உள்ளே மை வாடை மூக்கைத் துளைத்தது. சுவரோரம் மரச்சட்டங்கள், ஒவ்வொன்றிலும் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்தத் துணி வழியாகத்தான் மையை வழித்து அச்சடிப்பார்களாம். கண்ணாடி போட்ட அச்சுக்காரர் ஒருவர் நீல நகங்களோடு சட்டம் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் ஒருவன் பென்சிலால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பூனைக்குத் தொப்பை போட்டிருந்தது. இனிமேல் அது எந்தச் சுவரையும் தாண்டாது.

"துடைப்பம் எடுத்துட்டு வரலை தம்பி, பயப்படாத," என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். முதலில் வாசலைத்தான் பார்த்தான், பழக்கதோஷம். பிறகு நாற்காலி கவிழ எழுந்தான். "சைக்கிள் கடை அக்கா! அண்ணன் எப்படி இருக்காரு?"

சொன்னேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வந்த விஷயத்தையும் சொன்னேன். அவன் அச்சுக்காரரின் முகத்தைப் பார்த்தான். அவர் முடியாது என்று தலையை ஆட்டினார். "நாப்பதுன்னு சொன்னா நாப்பதுதாம்மா. நாப்பத்தொண்ணு போட்டா எனக்குப் பேரு திருடன்."

"மை வழிஞ்சது, கெட்டுப்போனது ஏதாவது இருந்தா குடுங்கண்ணே. எனக்கென்ன, முகம் தெரிஞ்சா போதும்."

"கெட்டுப்போன தாள் இந்த வாசலைத் தாண்டாது. படத்துக்குக் குறுக்கால கிழிச்சாதான் கூடைக்கே போகும். இல்லேன்னா நாப்பதுங்கிற பேச்சுக்கு என்ன மரியாதை?"

நான் நகரவில்லை. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அச்சுக்காரர் கொஞ்ச நேரம் சட்டத்தைத் துடைத்தார், பெருமூச்சு விட்டார், மறுபடி துடைத்தார். "அச்சடிக்கிறவனுக்குன்னு ஒண்ணு உண்டு," என்றார் கடைசியில். "முதன்முதல்ல சரியா வந்த தாள். அதுக்கு எண் கிடையாது, என்கூடவே இருக்கும். அதை எடுத்துட்டுப் போ. முப்பது வருஷத்துல இதுவரைக்கும் யாருக்கும் குடுத்ததில்ல."

அவர் அலமாரியிலிருந்து தாளை எடுத்து வந்து மேசையில் விரித்தார். அதே முக்காலி, அதே பல், அதே கிழிந்த பனியன். குனிந்து பார்த்தேன்.

"இது அவர் இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"ஸ்பானர் எந்தக் கையில இருக்கு பாரு. சோத்துக்கையில இருக்கு. அவர் இடதுகைக்காரர். வகிடுகூட அந்தப் பக்கம் போயிருக்கு. கண்ணாடியில பாக்குற மாதிரி இருக்காரு."

அச்சுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி சுவத்துல வச்சு அடிச்ச அதே அட்டைங்க, நாலு கலருக்கு நாலு. மூலை ஓட்டையை ஓட்டையோட சேர்த்துதான் ஒவ்வொண்ணுக்கும் பிலிம் எடுத்தேன். ஒரு நூல் பிசகல!"

"எந்தப் பக்கத்தை மேல வச்சீங்க?"

"பெயிண்ட் பட்ட பக்கத்தை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சுருட்டிக் கிடந்த பழைய அட்டைகளை எடுத்துவந்து இப்படியும் அப்படியும் புரட்டினார். இரண்டு பக்கமும் பெயிண்ட். ஈரத்தோடு சுருட்டினால் பின்பக்கத்தில் ஒட்டாமல் என்ன செய்யும்? ஈரத்தோடு சுருட்ட வைத்தது யார்? மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் துடைப்பத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

பூனை மெதுவாகச் சொன்னான். "அக்கா, தெருவில நாங்க அட்டையை எப்படி வேணா திருப்பிப் போடுவோம். வேற படமெல்லாம் ஒரு சுவர்ல இந்தப் பக்கம் பார்க்கும், அடுத்த சுவர்ல அந்தப் பக்கம். அதான் எனக்கும் கண்ணுல படல. இப்ப சுவரும் இல்ல. வாங்குறவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்ல!" நான் போட்ட சத்தத்தில் அச்சுக்காரரின் கண்ணாடி மூக்குநுனிக்கு இறங்கியது. "தம்பி, கேளு. சின்னப் பிள்ளையில அவங்கப்பா அந்த இடதுகையை முதுகுக்குப் பின்னால கயித்தால கட்டிப்போடுவாராம். எழுதும்போது, சாப்பிடும்போதெல்லாம் கட்டுதான். ரெண்டு வருஷம்! கட்டை அவிழ்த்த அன்னைக்கே மறுபடியும் இடதுகைதான். முதமுதல்ல வேலைக்குப் போன பட்டறையில, பீச்சாங்கைப் பய தொட்டா விளங்காதுன்னு விரட்டி விட்டாங்க. அந்த ரோஷத்துலதான் சொந்தக் கடையே போட்டாரு. அத்தனை பேரு சேர்ந்தும் அந்தக் கையை மாத்த முடியல. நீங்க ஒரு அட்டையைப் புரட்டிப் போட்டு மாத்திட்டீங்க. இப்ப நாப்பது வீட்டுச் சுவத்துல அவரு தோத்துப்போய் உக்காந்து சிரிக்கணுமா?"

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். கை எப்படி இருந்தால் என்ன, முகம் கிடைத்ததே என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. அந்த மனசை அங்கேயே அடக்கினேன்.

பூனை போனை எடுத்துக் இந்தப் பிரதிகளை வைத்துக் கண்காட்சி நடத்தும் அம்மாவிடம் பேசினான். "திரும்பப் போடறோம் மேடம். ஆமா, நாப்பதும்தான். இல்ல இல்ல, மையெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆள்தான் தப்பு. யாரு சொன்னதா? அவரோட சம்சாரம் சொல்றாங்க. இதுக்கு மேல யாரைக் கேக்கச் சொல்றீங்க?"

அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. கண்காட்சிக்கு நான்கு நாள்தான் இருந்ததாம். பூனை போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டான். அச்சுக்காரர் புதுத் தாள்கட்டைப் பிரிக்கப் போனார். அதைப் பார்த்ததும் அவர் மேல் எனக்குக் கொள்ளை மரியாதை வந்தது.

ஆனால் முதலில் பழையதைக் கிழித்தாக வேண்டும். கையெழுத்துப் போட்ட நாற்பதும், அச்சுக்காரருடைய தாள் ஒன்றும். பூனை முதல் தாளை இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்தபடியே நின்றான்.

"முடியலக்கா. சிரிக்கிறாரு."

"கொண்டா இங்க. தப்புன்னு சொன்னவ நான்தானே."

அது சாதாரணக் காகிதம் இல்லை, தடித்த தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். சிரிப்புக்குக் குறுக்கே கிழிந்தது. "மன்னிச்சிடுங்க," என்றேன். அடுத்தது. அதற்கடுத்தது. ஆறு வருடமாக எந்த முகத்துக்காக ஏங்கினேனோ அந்த முகத்தை ஒவ்வொன்றாக நானே கிழித்தேன். பத்தாவதில் வாய்விட்டு அழுதேன். "போதும்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்று அச்சுக்காரர் வந்தார். "தொடாதீங்கண்ணே!" என்று அதட்டினேன். பாவம், பின்னால் போய்விட்டார். நாற்பத்தொன்றையும் கிழித்து முடித்தபோது விரலெல்லாம் சிவந்து, கண் வீங்கியிருந்தது.

அந்த நான்கு நாளும் கடைக்குப் பூட்டுதான். அச்சுக்காரர் ரப்பர் கட்டையால் மையை வழிப்பார், பூனை தாளை எடுப்பான், நான் கம்பித் தட்டில் உலர வைப்பேன். பிலிமை இந்த முறை எந்தப் பக்கம் வைக்கிறார் என்று பக்கத்திலேயே நின்று பார்த்தேன். "நீ ஒரு ஆள் போதும்மா, நான் சீக்கிரம் போய்ச் சேர," என்றார். "கட்டையை ஒழுங்கா இழுங்கண்ணே, அப்புறம் போகலாம்," என்றேன். ஒரு நாளைக்கு ஒரு நிறம். மஞ்சள், பழுப்பு, நீலம் மூன்றும் ஏறிய பிறகும் அது வெறும் திட்டுத் திட்டாகத்தான் இருந்தது. முகம் கடைசியில் வரும் கறுப்பில் இருந்தது.

நான்காம் நாள் காலை. எனக்கென்று சொன்ன எண் இல்லாத முதல் தாளைச் சட்டத்துக்கு அடியில் வைத்தார் அச்சுக்காரர். கறுப்பு மையை ஊற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு இழுத்துச் சட்டத்தைத் தூக்கினார்.

இடதுகையில் ஸ்பானர். வகிடு அது இருக்கவேண்டிய பக்கத்தில். கொஞ்சம் கோணலான அந்த முன்பல். கடைக்கு யாரோ வந்து நிற்பது மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதாக்கும்?" என்றேன். சத்தம் போடவேண்டும் என்று நினைக்கவில்லை, ஆனால் போட்டேன். "ஆறு வருஷமா ஒரு மனுஷி ஒத்தையில கடையைத் திறந்து மூடுறாளேன்னு நினைப்பு இருந்துச்சா? நம்ம பாப்பாவோட கல்யாணத்துக்குக்கூட வரலையே நீங்க!"

பூனையும் அச்சுக்காரரும் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மை ஈரமாக இருந்தது, தொடக்கூடாது. நான் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே இருந்தார்.