முதல் குழாயில் இறங்கியது

என் கொழுந்தனார் அர்த்தநாரி கோயமுத்தூரில் கெமிக்கல் இஞ்சினியருக்குப் படித்தவர். படிக்க வைத்தது அவருடைய அண்ணன், என் வீட்டுக்காரர் காளிச்சாமி. தம்பி தும்மினால்கூட ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டு வருகிற மனுசன்.

எழுபத்து நாலில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனி வந்தது. மருந்துக் கம்பெனிகள் கழித்துவிடும் திரவத்தைப் பீப்பாயில் வாங்கிவந்து, காய்ச்சிப் பிரித்து விற்பார்கள். பிரிக்கிற இரும்புத் தூண்களை வரைந்து கொடுத்தது கொழுந்தனார்தான். பீப்பாயைத் திறந்தால் செத்த எலி நாற்றம் வரும். இதை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்டேன்.

"நம்மூட்டு இட்லிக் குண்டாவாட்டந்தானுங்க அண்ணி. தூணுக்குள்ள தட்டுக்கு மேல தட்டு. ஆவி மேல ஏறும், குளுந்தது கீழ எறங்கும். ஒவ்வொரு தட்டுலயும் ரெண்டும் சந்திச்சுப் பிரியுமுங்க. எது லேசுல கொதிக்குதோ அது உச்சிக்குப் போயிரும்."

அந்த நாற்றத்துக்குள் இருந்தது மெத்தனால் என்ற விஷம், நல்ல ஸ்பிரிட், தண்ணீர். ஒரு தூண் ஒரு முறைதான் பிரிக்கும் என்பதால் மூன்றுக்கும் இரண்டு தூண் வேண்டுமாம். முதல் தூணின் உச்சிக்கு ஏறும் விஷம் ஒரு குழாயில் தனியாக இறங்கிவிடும். மிச்சம் அடுத்த தூணுக்குப் போனால், அங்கே ஸ்பிரிட் உச்சியில் வரும், நாற்றத்தோடு தண்ணீர் அடியில் நிற்கும். எத்தனை தட்டு, எந்தத் தட்டில் திரவத்தை விடுவது என்று மாதக்கணக்கில் கணக்குப் போட்டார். சோறு ஆறிப்போகும், நான் திட்டுவேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார். அவர் மண்டையில் ஏறியது, விஷம் பிரிந்துவிடும் என்பது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எது முதலில் விளைந்தாலும் முனியப்பனுக்குப் படைத்து, மிச்சத்தை வீட்டுக்கு மூத்தவர் மட்டும் வாயில் விட வேண்டும். தம்பியின் முதல் விளைச்சலை என் வீட்டுக்காரர் விடுவாரா? தூண்களைச் சூடேற்றிய அன்று செம்போடு போய் நின்றுவிட்டார். கொழுந்தனார் இரண்டாவது தூணின் மேலே சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் இன்னும் ஒன்றும் இறங்கவில்லை. முதல் குழாயைத் தொடக் கூடாது என்று ஆட்களிடம் சொல்லித்தான் இருந்தார். ஆனால் கேட்பது இஞ்சினியரின் அண்ணன், அதுவும் சாமிக்கு. படைக்கத்தானே என்று பிடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

கோயிலில் செம்பை என் மூக்கருகே நீட்டினார்.

"மோந்து பாரு அம்மிணி. துளி நாத்தமில்ல. விசத்தையெல்லாம் எடுத்து எறிஞ்சுட்டான் எந்தம்பி."

எனக்கும் லேசான சாராய வாசம்தான் தெரிந்தது. முனியப்பன் காலடியில் ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் குடித்தார்.

மறுநாள் காலையில் படுக்கையில் உட்கார்ந்துகொண்டு கேட்டார். "ஏனம்மிணி, இன்னும் பனி வெலகலையா?"

அது சித்திரை மாதம். வாசலில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. வண்டி பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு ஓடினோம்.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் கொழுந்தனார் எந்தக் குழாயில் பிடித்தது என்று அண்ணனைக் கேட்டார். முதல் குழாய் என்றதும் டாக்டரிடம் ஓடினார். அந்த விஷத்தை முறிக்க நல்ல ஸ்பிரிட்தான் மருந்தாம். டாக்டர் அதையே அளந்து அளந்து கொடுத்தார். இரண்டாவது குழாயில் இறங்குகிற அதே சரக்கு! இந்த மனுசனுக்கு அடுத்த குழாய் சொட்டும்வரை பொறுமை இருந்திருக்கக் கூடாதா? உயிர் தங்கியது. கண் போய்விட்டது.

கொழுந்தனார் அதற்குப் பிறகு தூண் எதுவும் வரையவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து அண்ணன் கட்டிலுக்குக் கீழே உட்காருவார். ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

"நாத்தம் இருந்திருந்தா அண்ணன் தொட்டிருக்கவே மாட்டாருங்க அண்ணி. அத்தனை சுத்தமாப் பிரிச்சது நாந்தானுங்க."

எனக்கு அவர் மேலும் கோபம், குடித்தவர் மேலும் கோபம், பார்த்துக்கொண்டிருந்த சாமி மேலும் கோபம். என் வீட்டுக்காரர்தான் தடவித் தடவித் தம்பியின் தலையைக் கண்டுபிடித்துக் கை வைத்தார்.

"அழுவாத தம்பி. நாங் கடைசியாக் கண்ணு நெறையப் பாத்தது உன்ற சரக்குத்தான். பளிங்காட்ட இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அதே பழைய பெருமை. பார்க்கச் சகிக்காமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.