கூவாத பேடு

மகேந்திரராசா தன் முப்பத்துநாலு வயது வரைக்கும் ஒரு கோழியை முகத்துக்கு நேரே பார்த்தவரல்ல. யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோரில் முத்திரை குத்தியவர். மொன்றியலுக்கு வந்து சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் போத்தல்களுக்கு மூடி இறுக்குகிறவர். பரம்பரைச் சைவம், முட்டை வாசமும் அறியாத குடும்பம். அப்படிப்பட்ட மனிதர் 1987 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில், சேற்றில் குந்தியிருந்து கோழிகளின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால், அதற்கு அவருடைய மனைவி சிவமலர்தான் காரணம்.

சிவமலருக்கு அப்போது ஐந்தாம் மாதம். இது இரண்டாவது. முதலாவது, வருகிற வழியில், ஜெர்மனியில் ஓர் அகதி விடுதியில் ஆறாம் மாதம் கலைந்துபோனது. அதைப்பற்றி அவர்கள் கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்ன? இப்போது டொக்டர் அம்மா இரத்தத்தைச் சோதித்துவிட்டு, உடம்பில் ஒன்றுமே இல்லை, பிள்ளையும் வளர்ச்சி காணாது, இறைச்சியோ மீனோ முட்டையோ சாப்பிட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார். போன முறை நடந்ததுதான் இந்த முறையும் நடக்கவேண்டுமா என்று கேட்டார். மகேந்திரராசா அன்றிரவு கண்மூடவில்லை.

இறைச்சி, மீன் என்ற பேச்சையே சிவமலர் எடுக்கவிடவில்லை. முட்டைக்கு மகேந்திரராசா மூன்று நாள் மன்றாடினார். மூன்றாம் நாள் அவள் கொஞ்சம் இறங்கினாள்.

"பால் குடிக்கிறன்தானே. மாடு சாகாமல் தாற சாமான், வெள்ளையாய்க் கிடக்கு, அதுக்குள்ளை உயிருமில்லை. முட்டையும் அப்பிடி எண்டால் கொண்டு வாங்கோ."

இறங்கினாள் என்றா சொன்னேன்? நிபந்தனைகளோடு இறங்கினாள். சேவல் அந்தப் பக்கமே வந்திருக்கக்கூடாது. கோழி அடைகிடக்கிற சாதியாக இருக்கக்கூடாது, ஏனென்றால் அடைகிடக்கிற கோழி முட்டையைப் பிள்ளை என்று நினைத்துத்தான் இடுகிறது, அதை எடுத்துச் சாப்பிடுவது பாவம். ஓடு பால்போல வெள்ளையாக இருக்கவேண்டும். மண்ணிற ஓடு மனிசத் தோல் மாதிரி இருக்கிறது, கை கூசுகிறதாம்.

"கடையிலை விக்கிறது வெள்ளை முட்டைதானே, மலர். அதுக்குச் சேவல் இல்லையாம்."

"இல்லையெண்டு நீங்கள் போய்ப் பாத்தனீங்களே?"

அவர் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே கோழி வளர்ப்பது என்று முடிவாயிற்று.

மேல்மாடியில் இருந்த மரியதாசனிடம் போனார். மரியதாசன் மட்டக்களப்பு ஆள், கத்தோலிக்கன், துறைமுகத்தில் சாமான் இறக்குகிற வேலை. ஊரில் நூறு கோழி வளர்த்தவன் என்று அவன் சொல்லிக்கொள்வான். பாதியைக் கழித்தாலும் ஐம்பது மிஞ்சும். விஷயத்தைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு ஜெர்மனி, ஆறாம் மாதம் என்ற சொற்கள் வந்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"ஞாயிறு போவம் மச்சான். பழைய சாதிக் கோழியெல்லாம் வளக்கிற ஒரு மடாம் இரிக்கா. என்னோட வேலை செய்யிற ஒருத்தன் சொன்னவன்."

பின்வளவில் கூடு போட வீட்டுக்காரர், ஓர் இத்தாலியக் கிழவர், ஒத்துக்கொண்டார். நகரத்துக்குள் கோழி வளர்க்கலாமோ கூடாதோ என்று கேட்க ஒருவரும் போகவில்லை. வீட்டுக்காரர் தக்காளிக் கன்றுகளுக்கு எரு கேட்டார், அத்தோடு ஒரே ஒரு கண்டிப்பு: சத்தம் கூடாது. கூவுகிற சாமான் ஒன்றும் வளவுக்குள் வரப்படாது, அயலவர்கள் பொலிசைக் கூப்பிடுவார்கள்.

பண்ணைக்கார மடாம் முழங்கால்வரைக்கும் சப்பாத்துப் போட்ட, நெடுத்த மனுஷி. ஆங்கிலம் அறவே இல்லை. மகேந்திரராசாவிடம் மூன்று மாத வகுப்புப் பிரெஞ்சும், மரியதாசனிடம் துறைமுகத்துப் பிரெஞ்சும் இருந்தன. பின்னதில் பாதி வசவு. வெள்ளை முட்டை வேண்டும் என்பதைக் கையாலும் காலாலும் சொல்லி முடித்தார்கள்.

மடாம் முதலில் பெருமையோடு காட்டியது கியூபெக்கின் சொந்தக் கோழி. சாந்தக்ளேர் என்று பேர். தலைக்கொண்டை கடுகளவு, உறைபனியில் கருகுவதற்கு அதில் ஒன்றுமில்லை. மாரிக் குளிர் முழுக்க முட்டையிடுமாம். ஆனால் முட்டை மண்ணிறம்.

"எப்பிடித் தெரியும், கோழி வாங்க முந்தி?" என்று மகேந்திரராசா கேட்டார்.

மடாம் கையில் இருந்த பேட்டின் தலையைத் திருப்பி, கண்ணுக்குப் பின்னால் விரலை வைத்தார். அங்கே தொங்கு மடல்போல ஒரு சின்னக் காதுச்சோணை, செக்கச் சிவப்பாக. காது சிவப்பென்றால் மண்ணிற முட்டை. இன்னொரு கூட்டைத் திறந்து வேறொரு பேட்டைத் தூக்கினார். அதன் காதுச்சோணை வெள்ளை வெளேரென்று இருந்தது. கூட்டுக்குள் கைவிட்டு முட்டையை எடுத்துக் காட்டினார். அதுவும் வெள்ளை.

மகேந்திரராசா இன்னும் கிட்டக் குனிந்தார். முட்டை வருகிற இடம் எங்கே, காது எங்கே. யார் இதை அங்கே கொண்டுபோய் எழுதிவைத்தது? முகத்தில் அடையாளம் போட்டு அனுப்பியிருக்கிறதே என்று நினைக்க அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. மரியதாசனுக்கு அதைவிட மோசம். அவன் ஒவ்வொரு கூடாகப் போய், காதைப் பார்த்து, முட்டையைப் பார்த்து, திரும்பக் காதைப் பார்த்தான்.

"நூறு கோழி வளத்தனான். ஒரு நாள் அதுகள்ர காதைப் பாத்தேனா நான்," என்றான். உண்மையிலேயே அவமானப்பட்டவன் மாதிரி நின்றான்.

அதற்குப் பிறகு காதுதான் கணக்கு. வெள்ளைக் காதில் முதலாவது லெகோன். முட்டைக்குக் குறைவில்லை, ஆனால் ஒருபக்கம் சரிந்து தொங்குகிற பெரிய கொண்டை. தை மாதக் குளிரில் அது கருகி விழும் என்று மடாம் கையால் வெட்டிக் காட்டினார். அடுத்தது ஹாம்பர்க் என்று ஒன்று, மெலிந்து, உடம்பெல்லாம் கரும்புள்ளி, பார்க்க அழகு. இவர்களைக் கண்டதும் பறந்துபோய்க் கூரை வளையில் குந்திவிட்டது. வேலி தாண்டிப் போனால் யார் பிடிப்பது?

கடைசிக் கூட்டில் வெள்ளை வெளேரென்ற பேடுகள் நாலு நின்றன. பாரமான உடம்பு, கட்டைக் கால், தலையோடு அமுங்கிய கொண்டை. ஆளைக் கண்டு பயமில்லை. ஆனால் காது சிவப்பு. இருவரும் பெருமூச்சு விட்டுத் திரும்பினார்கள்.

"நொன், நொன்," என்று மடாம் மறித்தார். வைக்கோலுக்குள் கைவிட்டு எடுத்தார். முட்டை வெள்ளை. காது சிவப்பு, முட்டை வெள்ளை. சற்றுமுன் தெரிந்துகொண்ட சட்டத்தை இந்தச் சாதி வந்து உடைத்துவிட்டது. டோர்க்கிங் என்று பேர் சொன்னார். பிறகு காலைப் பிடித்து விரித்துக் காட்டினார். விரல் ஐந்து. மரியதாசன் இரண்டு தரம் எண்ணினான், ஏனென்றால் அவன் கண்ட கோழிக்கெல்லாம் நாலுதான். ரோமாபுரிக் காலத்திலிருந்தே இப்படித்தான் வருகிறது என்றார் மடாம். மகேந்திரராசா அந்தப் பேட்டின் காலைத் தன் உள்ளங்கையில் வாங்கினார். சூடாக இருந்தது. சிவமலருக்கென்று பார்த்துப் படைத்தது இதுதான் என்று அவருக்குப் பட்டுவிட்டது.

பெட்டியில் மூன்றைப் போட்டபோது மடாம் விரலை உயர்த்தி எச்சரித்தார். "மே, ஸா கூவ்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கூவுமாம்," என்றார் மகேந்திரராசா, முகம் கறுத்து.

"பேடு எப்பிடி மச்சான் கூவும்?"

"காது சிவப்பாய்க் கிடந்து வெள்ளை முட்டை இடுற சாதி, விரலும் ஒண்டு கூட. கூவினாலும் கூவும்." அவர் மடாமிடம் திரும்பி, "கூவ்?" என்று தெளிவாகக் கேட்டார்.

"வுய், வுய். கூவ் போக்கூ."

நன்றாகவே கூவுமாம். மகேந்திரராசா பெட்டியின் மூடியை இழுத்துக் கட்டினார். வீட்டுக்காரர் துரத்தினால் துரத்தட்டும், அது பேந்து பார்க்கலாம் என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

நாலாம் நாள் முதல் முட்டை. அவர் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினார். சிவமலர் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோப்பிக்குள் அடித்து, சீனி போட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள். அடுத்த நாளும் குடித்தாள். ஐந்து கிழமையில் டொக்டர் அம்மா பிள்ளை வளர்கிறது என்றார், இன்னும் காணாது, விடாமல் சாப்பிடவேண்டும் என்றார். மகேந்திரராசா விடியப்புறத்தில் எழும்பி, இப்போ கூவுமோ, இப்போ கூவுமோ என்று யன்னலோரம் காத்திருப்பார். மூன்று பேடுகளும் மூச்சுக் காட்டவில்லை.

சிவமலருக்கு ஆறாம் மாதம் பிறந்து இரண்டாம் கிழமை, மூத்த பேடு கூட்டைவிட்டு எழும்பவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உறுமியது. தீன் போட்டால் வரவில்லை. அடுத்த நாள் மற்றதும், அதற்கடுத்த நாள் மூன்றாவதும். முட்டை நின்றுவிட்டது. மகேந்திரராசா ஏதோ வருத்தம், நோய் பிடித்துவிட்டது என்று நினைத்து மரியதாசனைக் கூப்பிட்டார். மரியதாசன் குனிந்து ஒரு பார்வைதான் பார்த்தான்.

"மச்சான், இது அடை கிடக்குது."

மகேந்திரராசா வீட்டுக்குள் ஓடி, வகுப்புக்குக் கொண்டுபோகிற அகராதியை எடுத்துப் புரட்டினார். கூவ். முட்டையின்மேல் இருந்து அடைகாத்தல். மடாம் ஒளிக்காமல், விரலை உயர்த்தி, இரண்டு தரம் சொல்லித்தான் கொடுத்திருக்கிறார். தமிழ்க் காதால் கேட்டது இவர் குற்றம்.  சிவமலர் விலக்கிய சாதியைத் தேடிப்பிடித்து, ஐந்து கிழமையாக அவளுக்கு ஊட்டியிருக்கிறார்.

"இறகு கழட்டுதுகள், அதுதான் முட்டையில்லை," என்று அவளிடம் சொன்னார்.  நாலு நாள் பருப்புத் தண்ணியோடு போயிற்று. ஐந்தாம் நாள் குளியலறைக்குப் போகிற வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று பின்னேரம் வேலை முடிந்து மரியதாசன் நேரே பின்வளவுக்கு வந்தான், தோளில் சாப்பாட்டுப் பை தொங்க. வாளியில் தண்ணீர் நிரப்பினான். ஊரில் செய்கிறதுதான்: அடைக்கோழியைக் குளிர்தண்ணியில் நாலுதரம் முக்கி எடுத்தால் அடை தெளியும், மறுகா முட்டையிடும். மகேந்திரராசா பேட்டைத் தூக்கினார். அது இப்போது பஞ்சாய்ப் பாரமற்றுக் கிடந்தது.

"என்ன செய்யிறியள்?"

சிவமலர் பின்படியில் நின்றாள். மகேந்திரராசா இந்த முறை பொய் சொல்லவில்லை. காது, கூவ், அகராதி, எல்லாவற்றையும் நின்ற நிலையில் சொன்னார்.

அவள் சிரிக்கவுமில்லை, ஏசவுமில்லை. மெல்ல இறங்கிவந்து பேட்டை அவர் கையிலிருந்து வாங்கி, கூட்டில் திரும்ப விட்டாள். அது அவசரமாகப் போய் முன்பு கிடந்த குழியிலேயே பரந்து படுத்தது. சிவமலர் அதன் வயிற்றுக்குக் கீழே கையை விட்டாள். பேடு கொத்தியது. அவள் கையை எடுக்கவில்லை.

"இஞ்சை இறகில்லை," என்றாள். "தோல் நெருப்பாய்க் கொதிக்குது."

"நெஞ்சு இறகை அதுவே பிடுங்கிப்போடும், தங்கச்சி," என்றான் மரியதாசன். "முட்டையில சூடு படவேணுமெண்டு. தீனும் தின்னாது."

"எத்தினை நாளாய்?"

"ஒன்பது நாள்," என்றார் மகேந்திரராசா.

"கீழை ஒண்டுமில்லை," என்றாள் சிவமலர். "வெறும் வைக்கோல். ஒண்டுமில்லாததுக்கு மேலை இருந்து சூடு குடுக்கிறாள்."

கை உள்ளேயே இருந்தது. மகேந்திரராசா மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஜெர்மனியில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, அவள் பத்து நாள் வயிற்றில் கையை வைத்தபடி கட்டிலில் கிடந்தது அவருக்கு நினைவு வந்தது. அன்றைக்கும் இந்த முகந்தான்.  கோழிக்கு முன்னாலும் மனைவிக்கு முன்னாலும் கும்பிட்டு நிற்கவேண்டும் போல இருந்தது, வெட்கமில்லாமல்.

"நாளைக்கு அந்த மடாமிட்டைப் போங்கோ," என்றாள். "உயிருள்ள முட்டை கொண்டுவந்து இவளுக்குக் கீழை வையுங்கோ. சேவலோடை கிடந்த கோழியின்ரை முட்டை. கேட்டு வாங்குங்கோ."

"அப்ப நீ? உனக்கு முட்டை?"

 பேட்டின் முதுகை ஒருதரம் தடவினாள்.

"இவள் தின்னாமல் கிடந்து காக்கிறாள்," என்றாள். "நான் திண்டுதான் காக்கவேணும். எனக்கு இவ்வளவு நாளும் அது விளங்கேல்லை."

பிறகு மரியதாசனின் தோளைப் பார்த்தாள். "அண்ணை, உங்கடை சாப்பாட்டுப் பையிலை என்ன மிச்சம் கிடக்கு?"

மரியதாசன் தயங்கினான். "அவிச்ச முட்டை ரெண்டு இரிக்கி. சாப்பிட நேரம் கிடைக்கல்ல. கடை முட்டை, தங்கச்சி. என்ன கோழியோ, எந்தச் சேவலோ, எனக்குத் தெரியா."

"தாங்கோ."

அவன் மகேந்திரராசாவைப் பார்த்தான். மகேந்திரராசா வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிவமலர் மரியதாசன் எடுத்து நீட்டிய முட்டையைக் கூட்டின் விளிம்பில் தட்டி, ஓட்டை உரித்து, கடித்தாள். ஓங்காளித்தது. வாயைப் பொத்திக்கொண்டு மென்று விழுங்கினாள். திரும்பக் கடித்தாள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துவிட்டு, மற்றதற்கும் கையை நீட்டினாள்.