ஒற்றை ஷூ

அந்த ஒரு ஸ்லைடை மட்டும் அனுசூயா தனியாக எடுத்து மேஜை டிராயருக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஒளித்து என்ன பிரயோஜனம்? அவள் கணவர் பாலசந்திரன் விமானத் தொழிற்சாலை இன்ஜினியர். வரிசையில் ஒரு நம்பர் குறைந்தால் மனுஷருக்குச் சோறு இறங்காது. தேடி எடுத்து, பதினேழாவதாகச் செருகிவிட்டார்.

எழுபத்தைந்தாம் வருஷம், பிப்ரவரி. வெளிநாட்டில் அவர்கள் குடியேறியிருந்த சென்ட் லோரன்ட் ஃபிளாட்டில் விளக்கை அணைத்து, சுவரில் வெள்ளை வேஷ்டி கட்டிப் படம் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்க வந்தவர்கள் சிநேகிதர் ரகுநாதனும் அவர் மனைவி சரளாவும். டாக்டர் அனுசூயா மாட்ரிட்டில் ஒரு மாநாட்டுக்குத் தனியாகப் போனவள், நடுவில் ஒரு நாள் டூரிஸ்ட் பஸ்ஸில் பக்கத்துப் பழைய ஊரான டொலேடோவை எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். அதே மாட்ரிட்டில் ஓர் ஆஸ்பத்திரி இப்போது மூன்று மாத வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தது. போக வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. "தனியா எப்படிச் சமாளிப்பே, பார்க்கலாம்" என்று பாலசந்திரன் பத்து நாளாக இழுத்துக்கொண்டிருந்தார். பதில் நாளைக்குப் போயாக வேண்டும்.

பதினேழாவது படம் விழுந்தது. ஆறு, பழைய கல் பாலம், முன்னால் அனுசூயா. காலில் கயிற்று அடி போட்ட கறுப்புத் துணி ஷூ.

"காலைல எடுத்த படத்துல நான் வாங்கிக் கொடுத்த பிரவுன் ஷூன்னா இருந்தது. அது எங்கே?" என்றார் பாலசந்திரன்.

கடித்தது, மாற்றிக்கொண்டேன் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. எதற்கு மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"சர்ச் வாசல்ல கழட்டிட்டேன். பழக்க தோஷம். கபாலி கோவில்ல பண்ற மாதிரி, ஒண்ணை இந்தத் தூண்கிட்ட, இன்னொண்ணை அந்தத் தூணுக்குப் பின்னால. ஜோடியா இருந்தாத்தானே திருடுவான்?"

"அப்புறம்?" சரளா இப்போதே சிரிக்க ஆரம்பித்திருந்தாள்.

"பெருக்கறவர் ஒத்தை ஷூவைப் பார்த்தா என்ன நினைப்பார்? குப்பை வண்டியில போட்டு அனுப்பிட்டார். பின்னால இருந்ததுதான் மிச்சம். அந்த ஊர்ல மத்தியானம் எல்லாரும் தூங்கப் போயிடுவா, கடையெல்லாம் சாத்தியாச்சு. நாலு மணிக்கு பஸ். கூழாங்கல் தெருவுல வெறுங்காலோட ஏறி ஒரு ஷூக்கடை மாடிக் கதவைத் தட்டினேன். பனியனோட ஒருத்தர் தூக்கக் கலக்கத்துல வந்தார். பாஷை தெரியாது, காலைத் தூக்கிக் காட்டினேன். நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கறச்சே பஸ்ல உட்கார்ந்தாச்சு. திரும்பற வழியில பாலத்தண்டை நிறுத்தினா, பஸ்ல வந்த ஒருத்தர்கிட்ட கேமராவைக் கொடுத்துப் படம் எடுத்துண்டேன்."

ரகுநாதனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர். பாலசந்திரன் சிரிக்கவில்லை.

"இதுக்குத்தான் தனியா வேண்டாங்கறேன்."

"என்ன ஆயிடுத்து? பஸ்ஸை விட்டேனா?" அவள் குரல் உயரவில்லை. எழுந்துபோய்க் கைப்பையிலிருந்து ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நாளைக்கு ஆபீஸ் போற வழியில போஸ்ட் பண்ணிடுங்கோ."

"என்ன எழுதியிருக்கே?"

"வரேன்னு."

அவர் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"அந்த மிச்ச ஷூவை என்ன பண்ணினே?"

"கொண்டு வந்துட்டேன். பீரோல இருக்கு."

"ஒத்தை ஷூவை வெச்சுண்டு என்ன பண்றது?"

"நீங்க வாங்கிக் கொடுத்ததாச்சே, எப்படி விட்டுட்டு வரது?" என்று சொல்லி, பதினெட்டாவது படத்துக்குப் புரொஜெக்டர் பொத்தானை அழுத்தினாள்.